இலவசமாகக் கொடுத்ததை ஈபேயில் விற்கிறார்கள்: கேம் ப்ரோமோக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன கேம் கடையில், ஒவ்வொரு வருடமும் ஃப்ரீ ஆர்பிஜி டே அன்று நான் ஆட்டம் நடத்துகிறேன். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வதுதான். அன்று காலை கடையில் விளம்பரத்துக்காகச் சும்மா கொடுக்கும் புத்தகங்களும் பகடைகளும் (இவற்றைத்தான் ப்ரோமோ என்பார்கள்) சாயங்காலத்துக்குள் ஈபே என்ற இணையச் சந்தையில் விலைக்கு வந்துவிடுகின்றன. இதைச் சொல்லி நான் வருத்தப்படும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஃப்ரீ ஆர்பிஜி டே என்றால் என்ன?

ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) என்பது நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம். கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். வீசிய வாள் பட்டதா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் கடைக்கு வந்த முதல் ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தைப் படித்தால் தலை சுற்றும். யாராவது கூட்டி வைத்து ஒரு மணி நேரம் ஆடிக் காட்டினால் எல்லாம் புரிந்துவிடும். அப்படிப் புதியவர்களைக் கூட்டி வைப்பதற்காகவே 2007-இல் இந்த நாளை ஆரம்பித்தார்கள். காமிக்ஸ் கடைகள் 2002 முதல் நடத்திவரும் ஃப்ரீ காமிக் புக் டேதான் இதற்கு முன்மாதிரி. வழக்கமாக ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கொரோனா வந்த 2020-இல் ஜூலைக்கும், அடுத்த வருடம் அக்டோபருக்கும் தள்ளிப்போனது. பதிப்பகங்கள் இந்த ஒரு நாளுக்கென்றே சிறு சாகசக் கதைகளையும் விதிச் சுருக்கங்களையும் அச்சடித்துக் கொடுக்கின்றன. சில நிறுவனங்கள் பகடையும் தருகின்றன.

இலவசம் என்றால் யாருக்கும் செலவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். அன்றைக்கு வரும் பெட்டியைக் கடைக்காரர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். அதை கிட் என்பார்கள். பல பதிப்பகங்களின் பொருள்கள் அதில் கலந்து வரும், ஒவ்வொன்றிலும் ஒரு சில பிரதிகள் மட்டும். அச்சுக்கூலி பதிப்பகத்துடையது. கதை எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் அதுதான் பணம் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் கிட்டுக்கும் பணம் கட்டி, வியாபாரம் நன்றாக நடக்கும் ஒரு சனிக்கிழமையில் மேசைகளையும் ஒழித்துத் தருகிறார். ஃப்ரீ காமிக் புக் டேயிலும் இப்படித்தான்: வாசகருக்குச் சும்மா கிடைக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் கடைக்காரர் ஒரு சிறு தொகை கட்டியிருப்பார்.

சித்திரை வெயிலில் நம் ஊர்த் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் வைப்பார்கள். ஒருவர் குடத்தோடு வந்து நிரப்பிக்கொண்டு போய், அடுத்த தெருவில் டம்ளர் பத்து ரூபாய் என்று விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? மோர் வைத்தவருக்கு எத்தனை ரூபாய் நஷ்டம் என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள். வெயிலில் நடந்து வந்தவர் காலிப் பானையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாரே, அதுதான் மனசை உறுத்தும்.

உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? சொந்தமாக ஏதாவது நடந்ததா?

நடந்தது. சில வருடங்களுக்கு முன், மதியம் இரண்டு மணி ஆட்டம் என் பொறுப்பு. அந்த வருடக் கிட்டில் வந்திருந்த ஒரு சாகசக் கதையை நடத்தப்போகிறோம் என்று கடைக் கதவில் தாளும் ஒட்டியிருந்தோம். நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு அப்பாவும் அவருடைய பன்னிரண்டு வயது மகளும் உண்டு. இருவருக்கும் அதுதான் முதல் ஆட்டம்.

காலையில் கடை திறக்கும்போது இருபது பேர் வரிசையில் நின்றார்களாம். அதில் மூன்று பேர் சேர்ந்து வந்தவர்கள். ஆளுக்கு ஒன்று என்ற விதியை அவர்கள் மீறவில்லை. மேசையில் இருந்த ஒவ்வொரு தலைப்பிலும் ஆளுக்கொன்று எடுத்தார்கள், பையில் போட்டார்கள், கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நடத்த வேண்டிய கதையில் வந்திருந்ததே நான்கு பிரதிகள். மூன்று அந்தப் பைகளில் போயிற்று, நாலாவதை வேறொருவர் எடுத்துக்கொண்டார். ஜிஎம்முக்கு ஒன்றை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கையில் கதையே இல்லை. அந்தக் கதையின் பிடிஎஃப்பும் வெளியாகவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய கதை ஒன்றை எடுத்து வந்தேன், அதற்குள் இரண்டரை ஆகிவிட்டது. இரண்டு பேர் காத்திருக்காமல் போய்விட்டார்கள். அப்பாவையும் மகளையும் வைத்துக்கொண்டு, நான்கு பேருக்காக எழுதப்பட்ட கதையை எப்படியோ ஒப்பேற்றினேன். நல்ல ஆட்டமாக அமையவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவர்களைக் கடையில் பார்க்கவில்லை.

அன்று இரவு ஈபேயில் தேடினேன். எங்கள் ஊரிலிருந்தே மூன்று பிரதிகள் விற்பனைக்கு வந்திருந்தன. கீழே ஒரு குறிப்பு: 'புத்தம் புதியது, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.'

சரி, மூன்று புத்தகத்தில் அவர்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். புத்தகம் 15 டாலருக்குப் போகிறது, தபால் செலவும் விற்பவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈபே நூற்றுக்குப் பதின்மூன்று சொச்சம் எடுத்துக்கொள்ளும், அதில் 2 டாலர் போச்சு. தபாலும் உறையும் சேர்த்து 5 டாலர். மிஞ்சுவது 8. மூன்று பிரதிக்கு 24 டாலர். அதை மூன்று பேர் பங்கு போட வேண்டும்.

அந்த 24 டாலருக்காகத்தான் நான்கு நாற்காலி கொண்ட ஒரு மேசை காலியானது. அபூர்வமான ப்ரோமோ கார்டுகள் என்றால் தொகை எகிறும். ஆனால் சின்னக் கடைகளில் வருடா வருடம் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி இந்த மாதிரிச் சில்லறைக் காசுக்காகத்தான் நடக்கிறது. விற்பவருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சட்டப்படி இது குற்றமா? 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டையில் போட்டுவிட்டால்?

அமெரிக்காவில் குற்றம் இல்லை. உரிமையாளர் ஒரு பிரதியை உங்களுக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பிரதியை நீங்கள் விற்கலாம், தானம் தரலாம், கிழித்தும் போடலாம். முதல் விற்பனைக் கோட்பாடு என்று இதற்குப் பெயர். பாப்ஸ் மெரில் என்ற பதிப்பகம், தன் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று புத்தகத்திலேயே அச்சடித்துவிட்டு, மீறிய கடை மேல் வழக்குப் போட்டது. 1908-இல் உச்ச நீதிமன்றம் பதிப்பகத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் விமர்சகர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் இலவசமாக சிடி அனுப்பும். விளம்பரத்துக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல, உரிமை நிறுவனத்துடையதே என்றெல்லாம் அதன் மேல் அச்சடித்திருக்கும். அந்த சிடிகளைத் தேடிப்பிடித்து வாங்கி ஈபேயில் விற்றுவந்தார் ஆகஸ்டோ என்பவர். நிறுவனம் வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டோ பக்கம் நின்றது. கேட்காமலேயே அனுப்பினீர்கள், திருப்பிக் கேட்கவில்லை, யாரிடம் இருக்கிறது என்று கணக்கும் வைக்கவில்லை. அப்படியானால் கொடுத்துவிட்டீர்கள் என்றுதான் பொருள் என்று முடித்தது. அட்டையில் உள்ள வாசகத்துக்கு என்ன பலம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஐரோப்பாவில் கொஞ்சம் வேறு மாதிரி. அதே 2011 ஜூலையில், லோரியல் நிறுவனம் ஈபே மேல் போட்ட வழக்கில், கடைகளில் முகர்ந்து பார்க்க வைக்கும் மாதிரிப் பாட்டில்களைச் சந்தைக்கு வந்த சரக்காகக் கருத முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது விநியோகஸ்தருக்குக் கொடுத்த மாதிரிகளைப் பற்றியது. உங்கள் கையிலேயே பரிசாகக் கொடுத்த புத்தகத்துக்கு அதை நீட்டி நான் வாதாட மாட்டேன்.

சட்டமே தடுக்கவில்லை, அப்புறம் எப்படித் தப்பு?

கல்யாண வீட்டுப் பந்தியில் நான்கு பேர் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லாத விஷயங்களை நம்பித்தான் ஒரு கடைக்காரர் காசு போட்டுக் கதவைத் திறந்து வைக்கிறார். அந்த நம்பிக்கை போய்விட்டால் அடுத்த வருடம் கிட் வாங்க மாட்டார். எனக்குத் தெரிந்து ஒரு கடை அப்படி நிறுத்திவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது எங்கள் கடைக்கு ஒரு மணி நேரம் காரில் வருகிறார்கள்.

இன்டர்நெட் வந்ததால்தானே இதெல்லாம்?

வேகம் கூடியிருக்கிறது, நோய் பழசு. 1994-இல் அட்லாண்டாவில் நடந்த டிராகன் கான் மாநாட்டில், மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்துக்கான நலத்னி டிராகன் என்ற கார்டை வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். வேறெங்கும் கிடைக்காது. அப்போது மேஜிக் வெளிவந்து ஒரு வருடம்தான். அட்லாண்டாவுக்குப் போக முடியாதவர்கள் பொங்கிவிட்டார்கள். ஆட்டத்தில் பெரிய பலம் உள்ள கார்டும் இல்லை அது. கிடைக்காது என்ற ஒரே காரணம்தான். கடைசியில் மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தன்னுடைய டூயலிஸ்ட் இதழ் வழியாகவும் அந்தக் கார்டைக் கிடைக்கச் செய்தது. முப்பது வருடத்துக்கு முன்பே மருந்து தெரிந்திருக்கிறது, பாருங்கள். இங்கே மட்டும்தான் என்று ஒரு பொருளைப் பூட்டி வைத்தால் வெளியே அதற்கு விலை முளைக்கும். பூட்டைத் திறந்தால் விலை இறங்கும்.

போக்கிமான் கார்டால் ஒரு அருங்காட்சியகமே தடுமாறியது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகம் தன் ஐம்பதாவது ஆண்டில், 2023 செப்டம்பர் 28 அன்று, போக்கிமானோடு சேர்ந்து ஒரு கண்காட்சி தொடங்கியது. குழந்தைகளை ஓவியத்தின் பக்கம் இழுப்பதுதான் நோக்கம். உள்ளே சுற்றிப் பார்த்து, ஒரு தாளில் உள்ள சின்னச் சின்ன வேலைகளை முடித்தால் ஒரு கார்டு இலவசம். சாம்பல் நிறத் தொப்பி போட்ட வான் கோவின் சுய ஓவியம் இருக்கிறதே, அதே போல போக்கிமான் பாத்திரமான பிகாச்சு தோன்றும் படம். அழகான கார்டு.

முதல் நாளே கூட்டம் முண்டியடித்தது. அங்குள்ள கடையில் இருந்த போக்கிமான் சரக்கும் அடித்துப்பிடித்துக் காலியானது. கார்டுகள் இணையத்தில் பெரிய விலைக்கு ஏறின. பார்வையாளர்களும் ஊழியர்களும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று காரணம் சொல்லி, அக்டோபரிலேயே அருங்காட்சியகம் கார்டு கொடுப்பதை நிறுத்திவிட்டது. கண்காட்சி ஜனவரி வரை நடந்தது. நவம்பரில் அம்மா அப்பாவோடு போய் எல்லாப் படத்தையும் பார்த்து, தாளையும் நிரப்பிய குழந்தைக்கு அந்த இடத்தில் கார்டு இல்லை.

ஜப்பானில் இன்னும் மோசம். 2025 ஆகஸ்ட் 9 அன்று அங்குள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகள் குழந்தைகளுக்கான சாப்பாட்டுப் பெட்டியோடு போக்கிமான் கார்டு கொடுக்கத் தொடங்கின. மூன்று நாளைக்கு என்று திட்டம். தென்பாய்யா என்று அந்த ஊரில் அழைக்கப்படும் மறுவிற்பனைக்காரர்கள் கட்டுக் கட்டாக வாங்கியதால் பல இடங்களில் முதல் நாளே தீர்ந்தது. கார்டை உருவிக்கொண்டு சாப்பாட்டைத் தெருவிலேயே விட்டுப் போனார்கள். பிரிக்காத பொட்டலங்கள் குவிந்து கிடந்த படங்களைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நிறுவனம் பொதுவில் மன்னிப்புக் கேட்டது. அந்த மாதக் கடைசியில் வரவிருந்த வேறொரு கார்டு விநியோகத்தையும் தள்ளி வைத்தது.

இதோடு ஒப்பிட்டால் ஃப்ரீ ஆர்பிஜி டேயில் நடப்பது சின்ன விஷயம். ஆனால் எங்கள் கடையில் நான்கு பிரதிதான் இருக்கிறது.

வேலை இல்லாதவர் நாலு காசு பார்த்தால் அதையும் குறை சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதனால் யோசித்தே பதில் சொல்கிறேன். வாடகைக்குப் பணம் இல்லாமல் ஒருவர் தன்னிடம் இருந்த புத்தகத்தை விற்றார் என்றால் அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நானே வாங்கிக்கொள்வேன். நான் பார்த்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஒரே காலையில் மூன்று கடைக்குக் காரில் போய்வர அவர்களுக்கு வசதி இருக்கிறது. சில விற்பனை அறிவிப்புகள் அந்த சனிக்கிழமைக்கு முந்தைய வாரமே ஈபேயில் ஏறிவிடுகின்றன. கையில் இன்னும் வராத, அடுத்தவர் காசில் வரப்போகிற பொருளுக்கு விலை குறிக்கிறார்கள். இதில் வறுமைக்கு இடம் எங்கே இருக்கிறது?

இலவசம் வேண்டியவர் உண்மையில் யார் என்றால், புத்தகக் கடையில் 50 டாலர் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகும் பள்ளிக்கூடப் பையன். அவனுக்காக வைத்த தட்டு அது.

அப்படியானால் ப்ரோமோவை ஒருபோதும் விற்கக் கூடாதா?

அப்படி நான் சொல்லவில்லை. ஆடி முடித்த புத்தகம், பத்து வருடம் அலமாரியில் இருந்தது, வீடு மாறும்போது விற்கிறீர்கள்: தாராளமாக. அது தன் வேலையைச் செய்துவிட்டது. இறந்துபோன ஒருவரின் சேகரிப்பைக் குடும்பத்தினர் விற்பதிலும் தப்பே இல்லை.

மேஜிக் போட்டிகளில் நடுவராக நிற்பவர்களுக்கு 1998 முதல் தனியாக ஃபாயில் (பளபளக்கும்) கார்டுகள் கொடுத்துவந்தார்கள். கேயாஸ் கிரேடில் என்ற கார்டின் நடுவர் பதிப்புக்கு இன்றும் பெரிய விலை. நடுவர்கள் பலர் அவற்றை விற்றுத்தான் பயணச் செலவையும் ஹோட்டல் வாடகையையும் சமாளித்தார்கள். இரண்டு நாள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை செய்தவருக்குக் கிடைத்த கூலி அது. அதைக் குறை சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். பொருள் யாருக்காக, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். அந்தக் காரியம் நடந்த பிறகு விற்றால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

நான் இருக்கும் ஊரில் கேம் கடையே கிடையாது. ஈபேயில் வாங்கினால் நானும் குற்றவாளியா?

இல்லவே இல்லை. மதுரையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒருவர் இந்தப் புத்தகத்துக்கு ஆசைப்பட்டால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு எது? ஆனால் அவசரப்பட்டு அந்த வாரமே வாங்காதீர்கள். விலை உச்சத்தில் இருப்பது அந்த முதல் வாரத்தில்தான்.

முதலில் பதிப்பகத்தின் தளத்தைப் பாருங்கள், பிடிஎஃப் சும்மாவே கிடைக்கலாம். போர்டு கேம் ப்ரோமோ என்றால் போர்டுகேம்கீக் தளத்தின் கடையில் தேடுங்கள். டொமினியன் ஆட்டத்தின் ப்ரோமோ கார்டுகள் பல அங்கே சில டாலருக்கே கிடைத்திருக்கின்றன. மேத் ட்ரேட் என்று ஒரு அருமையான ஏற்பாடும் உண்டு. நூற்றுக்கணக்கானோர் தம்மிடம் உள்ளதையும் தமக்கு வேண்டியதையும் எழுதிக் கொடுப்பார்கள். என்னுடையது உங்களுக்கு, உங்களுடையது மூன்றாமவருக்கு, அவருடையது எனக்கு என்று ஒரு நிரல் கணக்குப் போட்டுச் சங்கிலி பின்னிக் கொடுக்கும். பணம் கைமாறுவதே இல்லை.

எதுவும் சரிப்படவில்லை, ஈபேதான் வழி என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கி ஆடுங்கள்.

கடைக்காரரே பதுக்கி வைத்து விற்கிறாரே, அவரை என்ன சொல்வது?

அது இன்னும் மோசம். அந்த நாளின் பெயரிலேயே இலவசம் என்று இருக்கிறது. கிட்டை வாங்கி, கதவைத் திறக்காமல், அப்படியே இணையத்தில் போடுபவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் அந்த நிகழ்ச்சியை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் அந்தப் பதிப்பகத்துக்கும் எழுதிப் போடுங்கள். யாருக்குக் கிட் விற்பது என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

ஆனால் நாள் முடிந்து மிச்சம் இருப்பதைத் தன் வழக்கமான ஆட்டக்காரர்களுக்கு எடுத்து வைக்கிற கடைக்காரரைப் பதுக்கல்காரர் என்று திட்டாதீர்கள்.

கடைகள் என்ன செய்தால் இது குறையும்?

எங்கள் கடையில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாற்றியதைச் சொல்கிறேன். முதல் பிரதி ஜிஎம்முக்கு. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம், இதில் பேச்சே இல்லை. அடுத்து, பாதிப் பிரதிகளை ஆடியவர்களுக்கென்று வைத்துவிடுகிறோம். ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஜிஎம்மே கையில் கொடுப்பார். மீதியை ஒரே அடியாகக் காலையில் பரப்பி வைக்காமல், காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம் என்று வைக்கிறோம். சனிக்கிழமை காலை வேலைக்குப் போகிறவர்களும் மதியம்தான் தூங்கி எழுகிறவர்களும்கூட ஆட்டக்காரர்கள்தானே.

ஆளுக்கு ஒன்று என்பதை ஆளுக்கு ஒரே ஒரு தலைப்பு என்று இறுக்கினோம். ஆடினால் இரண்டாவது கிடைக்கும். கூடவே உள்பக்கத்தில் கடையின் ரப்பர் ஸ்டாம்பையும் தேதியையும் குத்திவிடுகிறோம். சேகரிப்பவருக்கு அது பழுது; ஆடுபவருக்கு ஒரு ஞாபகம். முதல் வருடம் ஸ்டாம்பைப் பார்த்ததும் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போனவர்கள் இரண்டு பேர்.

பேர் கேட்டு, போன் நம்பர் வாங்கி, அடையாள அட்டை பார்ப்பது எல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. முதன்முதலாக, கூச்சத்தோடு வருகிறவரைத்தான் அது விரட்டும். ரீசெல்லருக்குக் கூச்சம் கிடையாது.

பதிப்பகங்கள்?

என்னைக் கேட்டால் சாவி இவர்கள் கையில்தான் இருக்கிறது. பைசோ நிறுவனம் 2011-இல் பாத்ஃபைண்டர் ஆட்டத்துக்காக 'வீ பி கோப்ளின்ஸ்' என்ற கதையை ஃப்ரீ ஆர்பிஜி டேக்குக் கொடுத்தது. நான்கு குட்டிக் கோப்ளின்கள் (குறும்புக்காரப் பூதங்கள்) சதுப்பு நிலத்தில் சிதைந்து கிடக்கும் கப்பலிலிருந்து வாணவெடிகளைத் தேடி எடுத்து வரப் போகும் கதை. பிரமாதமாக இருக்கும், தீபாவளிக்கு ஆடப் பொருத்தமானது. அச்சுப் பிரதிக்கு அடிபிடி. ஆனால் பிடிஎஃப்பை நிறுவனம் தன் தளத்தில் இலவசமாகவே வைத்தது. கடைக்கு வர முடியாதவருக்கும் கதை கிடைத்தது, பாத்திரங்களும் தயாராக இருந்தன. சேகரிப்பவர் வேண்டுமானால் காகிதத்துக்குப் பணம் கொடுக்கட்டும், ஆட்டம் யாருடைய பைக்குள்ளும் சிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு மட்டும் அப்படி ஒரு பிடிஎஃப் இருந்திருந்தால் இரண்டு மணி ஆட்டம் சரியாக இரண்டு மணிக்குத் தொடங்கியிருக்கும்.

குட்மேன் கேம்ஸ் வேறு ஒரு வழி வைத்திருக்கிறது. அவர்களுடைய டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் ஆட்டத்தைப் பொது இடத்தில் நடத்துகிறவர்களுக்கு ரோடு க்ரூ என்ற திட்டத்தில் சின்னச் சின்னப் பரிசுகள் வரும். நடத்தினால்தான் பரிசு. ஜெர்மனியில் ஃப்ராஸ்டட் கேம்ஸ் பல ஆட்டங்களின் ப்ரோமோக்களைச் சேர்த்து, டிசம்பர் மாதத்தில் நாளுக்கொரு கதவு திறக்கும் நாள்காட்டிப் பெட்டியாக, 24 ப்ரோமோக்களோடு விலைக்கே விற்றது. நேர்மையான விலை, வேண்டியவர் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் எனக்குச் சம்மதம்தான்.

ஆட்டத்தின் விதியையே மாற்றும் ஒரு கார்டை ஒரே ஒரு மாநாட்டில் மட்டும் கொடுப்பதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம். படம் மட்டும் வேறாக இருக்கட்டும். ஆடத் தேவையானது எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

வரிசையில் ஒருவர் ரீசெல்லர் என்று தெரிந்தால் நேரடியாகக் கேட்டுவிடலாமா?

வேண்டாம். பாதி நேரம் நீங்கள் நினைத்தது தப்பாக இருக்கும். பெரிய பையோடு வந்த ஒருவரை எங்கள் கடையில் எல்லோரும் முறைத்தோம். அவர் ஒரு நூலகத்தில் வாரா வாரம் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்துபவர் என்று பிறகு தெரிந்தது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கடைக்காரர் அவருக்கென்றே ஒரு கட்டு எடுத்து வைக்கிறார்.

யார் மேல் சந்தேகம் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: 'பதினொரு மணி ஆட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது, உட்காருகிறீர்களா?' சிலர் நழுவிவிடுவார்கள். போன வருடம் ஒருவர் உட்கார்ந்தார்.

இந்த வருடம் முதல் தடவையாகப் போகிறேன். எப்போது போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்?

முந்தின வாரமே கடைக்குப் போன் செய்து, அன்று ஆட்டம் நடத்துகிறார்களா என்று கேளுங்கள். சில கடைகள் புத்தகம் மட்டும் கொடுக்கும். ஆட்டம் உள்ள கடையாகப் பார்த்துப் போங்கள். திறக்கும் நேரத்துக்கே ஓட வேண்டியதில்லை, ஆட்டம் தொடங்க அரை மணி முன்னால் போனால் போதும். பகடை, பென்சில், பாத்திரத்தின் தாள் எல்லாம் மேசையில் இருக்கும். தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரம் பேச வேண்டி வரும். விதி தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஜிஎம்முக்கு அதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் எந்தக் கதை, எந்த வயதுக்கு என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் இரண்டு மணி மேசை இன்னும் என்னுடையதுதான்.